அம்பு பார்க்காத காட்சி

எங்கள் சட்டைக் கம்பெனியில் கடைசி மேஜை எங்களுடையது. தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்து வரும் சட்டை எங்கள் கையைத் தாண்டித்தான் இஸ்திரிக்குப் போகும். தையல் விட்டிருந்தாலோ, நூல் தொங்கினாலோ, காலர் ஒரு பக்கம் தூக்கினாலோ, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நான் முப்பது அம்பு ஒட்டினால் எனக்கு எதிரே நிற்பவள் எழுபது ஒட்டுவாள். அதனால் அவளுக்குப் பெயரே அம்பு என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

அவள் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த முதல் மாதமே இரண்டாயிரம் சட்டை பெட்டிக்குள் போன பிறகு, "ஏதோ ஒரு சட்டையில இடது கைக்கும் வலது கைக்கும் வேற வேற நீலம்" என்று வந்து நின்றாள். சூப்பர்வைசர் முறைத்தார். இவள் அசையவில்லை. பெட்டியைப் பிரித்தார்கள். பதினோராவது பெட்டியில் கிடைத்தது. எனக்கு இரண்டு கையும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் கொண்டு போய்ப் பார்த்ததும் சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளை மட்டும் எங்களுக்குச் சினிமாவுக்கு. நான், அம்பு, மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் தம்பி, பேக்கிங்கில் இருக்கும் பெரியக்கா என்று நாலு பேர். நாலு பேருக்கும் படப் பைத்தியம். தியேட்டர் பக்கம் போய் யுகமாயிற்று. எல்லாம் வீட்டு டிவியில்தான். இந்த வாரம் ஒருவர் படத்தைச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு பேரும் அவரவர் வீட்டில் பார்த்துவிட வேண்டும், திங்கட்கிழமை டப்பாவைத் திறந்ததும் ஆளுக்கு ஓர் அம்பு ஒட்ட வேண்டும். அதாவது படத்தில் ஒரு குறை சொல்ல வேண்டும். முழுசாகப் பார்க்காதவர் வாயைத் திறக்கக் கூடாது, பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான்.

இங்கும் அம்புவை யாரும் மிஞ்ச முடியாது. போன காட்சியில் கடிகாரம் வலது கையில் இருந்தது, இந்தக் காட்சியில் இடது கையில் இருக்கிறது என்பாள். மழையில் நனைந்து வந்தவனுக்குச் செருப்பு மட்டும் ஏன் காய்ந்திருக்கிறது என்பாள். மெக்கானிக் தம்பி தலையில் அடித்துக்கொள்வான். "அக்கா, நீங்க படம் பாக்கறீங்களா, பரிட்சைப் பேப்பர் திருத்தறீங்களா?" என்று கேட்பான். அவள் சிரிப்பாள். வாரத்தில் அவள் பல் தெரிவது அந்த அரை மணி நேரம்தான்.

அம்புவின் வீட்டுக்காரர், ஐந்து மாடிக் கார் நிறுத்தும் கட்டிடத்தில் வாசல் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பவர். வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறாரோ என்று தோன்றும், அப்படிப்பட்ட அமைதி. இரண்டே அறை வீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, கால் உடைந்து செங்கல் கொடுத்து நிறுத்திய சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வாரப் படத்தைப் பார்ப்பார்கள். நடுவில் இவள் எழுந்து போனால் அவர் படத்தை நிறுத்தி வைப்பாராம். "ஒரு வசனம்கூட எனக்குப் போகக் கூடாதாம் அக்கா" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஆறு வயதில் காய்ச்சல் வந்து நாலு நாளில் போய்விட்டது. அதெல்லாம் அம்பு எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால். சேர்ந்த புதிதில், குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டே ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "அவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல அக்கா. கல்லு மாதிரி நின்னாரு." அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கல் விஷயத்தை மட்டும் நான் நன்றாக மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் வெளியூர் வேலை, வெளியூர் வேலை என்று போய் வந்தபோது நான் பையில் துணி அடுக்கிக் கொடுத்தவள். அந்த வெளியூர் நாலு தெரு தள்ளி ஒரு வீடு என்று தெரியவந்தபோது தெருவே சிரித்தது. அன்றிலிருந்து யார் தும்மினாலும் ஏன் தும்மினாய் என்று கேட்பேன். பக்கத்து வீட்டு ஆள் புதுச் சட்டை போட்டால் என் மூக்கு வியர்க்கும். நான் சந்தேகப்பட்டு நாலு இடத்தில் சரியாகவும் இருந்திருக்கிறது. அந்தத் திமிர் வேறு.

அந்தத் திங்கட்கிழமை பேச வேண்டிய படம் ஓர் ஐஸ் லாரி டிரைவரைப் பற்றியது. மெக்கானிக் தம்பி தேர்ந்தெடுத்தது. லாரியை எவனோ கடத்திக்கொண்டு போய்விடுவான்; ஐஸ் உருகுவதற்குள் பிடிக்க வேண்டும் என்று டிரைவர் ஊரெல்லாம் ஓடுவான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அம்பு முதலில் ஒட்டினாள். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பெரிய ஓட்டை. லாரி அந்த வெள்ளைக் கட்டிடத் தெருவுல நிக்குதுன்னு தெரிஞ்சும் அவன் ஏன் உள்ள போகாம சுத்திக்கிட்டுப் போறான்? ரெண்டு எட்டு வெச்சா லாரி கெடைச்சிருக்கும். கதை எழுதினவருக்குக் காரணம் சொல்லத் தெரியல, பூசி மெழுகிட்டாரு."

பெரியக்கா வாய்க்குக் கொண்டு போன கையை அப்படியே நிறுத்தினாள். மெக்கானிக் தம்பி என்னைப் பார்த்தான்.

"அதான் அந்த மாடிப்படி சீன்ல சொல்லிட்டாங்களே அக்கா" என்றான்.

"எந்த மாடிப்படி சீன்?"

"படத்துக்கே உயிரு அதுதான். நான் ரெண்டு தடவ பாத்தேன்."

"அப்படி ஒரு சீனே படத்துல இல்ல."

"தூங்கிட்டீங்க" என்றான் தம்பி, சாதாரணமாகத்தான். அம்புவுக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"நான் தூங்குவேனா? அஞ்சு தடவ லாரிக் கதவத் தெறக்கறான், மூணாவது தடவ கைப்பிடி கறுப்பு, மத்ததெல்லாம் வெள்ளி. இத எவன் தூக்கத்துல பாப்பான்?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க பாத்தீங்களா அந்த சீன?"

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது மழை வந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன். எடுத்தவள் சும்மா வந்தேனா, எதிர் மாடிக்காரியோடு வாயடித்துவிட்டு வந்து பார்த்தால் படம் எங்கேயோ போயிருந்தது. சரி, பரவாயில்லை என்று மிச்சத்தைப் பார்த்தேன். டிரைவர் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனது எனக்கும்தான் விளங்கவில்லை. ஆனால் சட்டம் போட்டவளே பார்க்கவில்லை என்று சொன்னால் மானம் போகாதா.

"பாத்தேனே. அழுதே போயிட்டேன்" என்றேன்.

அம்பு டப்பாவை மூடினாள். போன் எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கேயே போட்டுக் காட்ட வழியில்லை. மணி அடித்தது. சாயங்காலம் வரை அவள் ஒட்டிய அம்புகளைப் பார்த்துத் தையல்காரர்கள் பயந்து போனார்கள்.

மறுநாள் அவளே வந்து சொன்னாள். "அவருகிட்ட கேட்டேன் அக்கா. அப்படி எதுவும் வரலையே, அந்தத் தம்பி வேற படத்தோட கலந்து சொல்றான் போலன்னாரு."

"நீ படத்துக்கு நடுவுல எழுந்தியா?"

"டீ போடப் போனேன். அவருதான் கேட்டாரு."

"அப்பப் படம்?"

"நிறுத்தி வெச்சிருந்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "எல்லா வாரமும் டீ கேப்பாரு அக்கா. சில நாள் ரெண்டு தடவ."

மூன்று பேர் பார்த்த காட்சியை இல்லை என்கிறார் ஒரு மனுஷர். மூன்று பேரில் ஒருத்தி நான் என்பது எனக்கே அப்போது மறந்துவிட்டது. பொய் சொல்கிறார், எதையோ மறைக்கிறார், அவ்வளவுதான் என் மண்டையில் ஏறியது. வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப் போட்டு அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பார்த்திருக்கலாம். டிவி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. காட்சியில் என்ன இருந்தால் எனக்கென்ன, ஆள் பொய் சொன்னது போதாதா என்று விட்டுவிட்டேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

"டிவியில நீயே போட்டுப் பாரேன்" என்று மட்டும் அம்புவிடம் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் அவள் கண் வீங்கியிருந்தது. டிவியைப் போட்டாளாம், நாலு இலக்க நம்பர் கேட்டதாம். இதுவரை கேட்டதே இல்லையாம். அவரைக் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கண்டதையும் போடுகிறார்கள், அதற்காகப் பூட்டினேன் என்றாராம். பக்கத்து வீட்டில் இருப்பது ஓய்வு பெற்ற தம்பதி. அவர்களுக்குப் பிள்ளைகளே இல்லை.

"சப்பைக்கட்டு" என்றேன் நான்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவள் கண்தான் எதையும் விடாதே. பார்த்து வைத்திருந்ததையெல்லாம் இப்போது எடுத்துப் போட்டாள். போன மாதம் ஒரு படத்தில் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போவான். அவன் உட்காரும் முன்பே இவர் சிரித்தார். நாற்காலி அப்புறம்தான் உடைந்தது. இன்னொரு படத்தில் குண்டு வெடிக்கப் போகிறது என்று யாருக்கும் தெரியாத இடத்தில் இவர் சத்தத்தைக் குறைத்தார். குறைத்த பிறகு வெடித்தது.

"அப்ப ஏற்கெனவே பாத்திருக்காரு" என்றேன்.

"ஆமா."

"எங்க பாத்தாரு? யாரோட பாத்தாரு? உன்கிட்ட மொதத் தடவ பாக்கற மாதிரி ஏன் உக்காந்திருக்காரு?"

அம்புவின் கையில் இருந்த சட்டையில் நாலு நூல் தொங்கியது. ஒட்டாமல் தள்ளிவிட்டாள். நான் எடுத்து ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. வியாழக்கிழமை காலையில் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "1.12 – 1.19" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"மத்தியானம் ஒண்ணு பன்னெண்டு. அவருக்குச் சாப்பாட்டு நேரம் எது?"

"ஒண்ணுலேருந்து ஒண்ணரை."

"பாத்தியா. யாரோ வர்ற நேரம் எழுதி வெச்சிருக்காரு."

"ஏழு நிமிஷம்தான் இருக்கு அக்கா. ஏழு நிமிஷத்துல என்ன இருக்கப் போகுது?"

"நாலு வார்த்த பேச ஏழு நிமிஷம் போதாதா? என் ஆளுக்குக் கண்ஜாட காட்டவே நேரம் கெடைச்சுதே" என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அம்பு சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குப் பதிலாக அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "பெத்த பொண்ணு போனப்பவே அழாத ஆளு. நீ போனா மட்டும் அழுவாரா?" அந்த வார்த்தையை அவள் முகத்தில் அறைந்த மாதிரி வாங்கிக்கொண்டாள்.

"அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அவர் ஒருத்தர்தான் அக்கா. அதுவும் இல்லன்னா நான் எதுக்கு அங்க இருக்கணும்?" என்றாள்.

"என் வீட்டுக்கு வந்துரு. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றேன்.

உடனே சொன்னேன், யோசிக்காமல் சொன்னேன். யோசித்து வைத்திருந்ததால்தான் யோசிக்காமல் வந்தது என்று பிறகு தோன்றியது. சனிக்கிழமை சாயங்காலம் நான் தனியாகத்தான் படம் பார்க்கிறேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, அந்தச் செருப்பு ஏன் காய்ந்திருக்கிறது என்று கேட்டால் எனக்குக் கசக்குமா. என்னையே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. மற்றவர்களைச் சந்தேகப்படுவதில் இருந்த மும்முரத்தில் அதற்கு எனக்கு ஒழியவில்லை.

அன்று ராத்திரியே அவள் ஒரு பையில் நாலு செட்டுத் துணியும் மகளுடைய போட்டோ ஒன்றும் எடுத்து வைத்தாள். மறுநாள் அந்தப் பையோடு வேலைக்கு வந்தாள். நேரே என் வீட்டுக்கு வருவதாக முடிவு. அதற்கு முன்னால் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று நான்தான் அவளைக் கிளப்பினேன். பிடிக்காமல் வந்தால் பின்னால் அவர் வந்து சமாதானம் பேசுவார், இவள் உருகிவிடுவாள், எனக்குத் தெரியாதா.

சூப்பர்வைசரிடம் போய் வயிற்று வலி என்றோம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா?"

"காலையில ஒரே டப்பாவுல சாப்பிட்டோம் சார்" என்றேன். அவர் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

கார் நிறுத்தும் கட்டிடத்துக்கு ஒரு மணிக்கெல்லாம் போய்விட்டோம். வாசல் பக்கமாகப் போனால் தெரிந்துவிடும் என்று பின்பக்கம் சுற்றிப் படியேறி, கார் இறங்கும் சரிவு வழியாக மேலிருந்து கீழே வந்தோம். பெட்ரோல் வாடை, சிமெண்டுத் தரையில் எங்கள் செருப்புச் சத்தம். அம்பு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நானும் கழற்றினேன். இரண்டு தூண் தள்ளி அவருடைய கூண்டு. முன்னால் சீட்டுக் கொடுக்கும் ஜன்னல், பின்னால் இடுப்புயரத்துக்கு மேல் கண்ணாடி.

உள்ளே ஆள் இருக்கிறாளா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். இல்லை. சரி, இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதன் மேல் போனைச் சாய்த்து வைத்து, காதில் வயர் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. தூண் மறைவில் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனோம். போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் படம் எதுவென்று தெரிந்துவிட்டது. இந்த வாரத்துக்குப் பெரியக்கா சொல்லியிருந்த சர்க்கஸ் படம். சிரிப்புப் படம் என்றுதான் அவளும் சொன்னாள். நாளைக்கு இவளும் அவருமாகப் பார்க்க வேண்டிய படம்.

திரையில் சர்க்கஸ் இல்லை. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண். கட்டிலின் காலடியில் ஒரு கோமாளி, மூக்கில் சிவப்பு உருண்டையைக்கூடக் கழற்றாமல், அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் கண்ணைத் திறக்கவில்லை.

அவர் இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வலது கை நோட்டில் எழுதியது. கட்டிடத்துக்குள் நுழைய ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே சீட்டைக் கொடுத்து, தடுப்பைத் தூக்கி இறக்கினார். திரும்ப வந்து உட்கார்ந்து படத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அந்தக் கட்டில் முதலில் எங்கே வருகிறது என்று தேடினார். பிடித்து நிறுத்தி, படத்தின் நிமிஷத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, மறுபடியும் ஓடவிட்டார். எங்கே முடிகிறது என்பதற்காக முழுவதையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

நான் அம்புவைப் பார்த்தேன். அவள் போனைப் பார்க்கவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் கூண்டுக் கதவைத் திறந்தாள். அவர் பதறிப் போனைக் கவிழ்த்தார். காதிலிருந்து வயர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"நீ எங்க இங்க? உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். நான் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றதால் எனக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படத்தின் பெயர், அதற்குக் கீழே படம் ஓடும் மணி, நிமிஷக் கணக்கு. ஐஸ் லாரிக்கு நேரே 1.12 – 1.19. பக்கத்தில் பொடி எழுத்தில், 'மாடிப்படி, குழந்தை செருப்பு, ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தார். அந்த வெள்ளைக் கட்டிடம் ஆஸ்பத்திரி. அதற்குள் ஒரு தடவை போய்க் குழந்தையின் செருப்போடு மட்டும் திரும்பியவன் அந்தத் தெருவுக்குள் எப்படிப் போவான். அழுதே போயிட்டேன் என்று நான் சொன்ன காட்சி இதுதான். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் அம்பு.

"நீ அங்க வேலைக்குச் சேந்ததுலேருந்து."

"எதுக்கு?"

அவர் நோட்டைத் திரும்ப வாங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

"அந்த வருஷம் டிவியில ஏதோ ஒண்ணு பாத்துட்டு நீ பதினோரு நாள் படுக்கைய விட்டு எழுந்திரிக்கல. அப்புறம் வேலைக்குப் போன. ஒரு திங்கக்கிழமை வந்து, அவங்களோட உக்காந்து படம் பேசினேன், நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்ன. சொல்லும்போது நீயும் சிரிச்ச. அது போயிடக் கூடாதுன்னு பாத்தேன். படமே பாக்காதன்னு சொல்ல முடியுமா? அந்த எடத்த மட்டும் தாண்டிட்டாப் போதும்னு நெனச்சேன். ஒரு படத்துல மூணு எடம் இருந்துச்சு. அன்னிக்கு மூணு டீ குடிச்சேன்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள்.

"இது அத்தனையும் நீங்க தனியாவா பாத்தீங்க?"

"வேற யார்கூடப் பாக்கறது?"

அம்பு நோட்டை மூடினாள். கூண்டுக்குள் ஒரே ஒரு நாற்காலிதான். மூலையில் கார்ச் சீட்டுப் புத்தகங்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கவிழ்ந்து கிடந்த போனை நிமிர்த்தி டப்பாமேல் சாய்த்து வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த வயரை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"போடுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"நான் பாத்துக்கறேன். போடுங்க."

வாசலில் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழப் போனார். அம்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அடுத்து இன்னொரு கார் வந்தது. வேறு யார் போவார்கள், நான்தான் உள்ளே கையை விட்டுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். வெறுங்காலோடு நின்று ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினேன். தடுப்பை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

இரண்டாவது கார்க்காரர் சீட்டை வாங்கிக்கொண்டும் போகவில்லை. கூண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஓர் ஆண் வாய் விட்டு அழுவது அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"உள்ள யாருங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. படம் பாக்கறாங்க" என்றேன்.